ஆப்ட் எதை எங்கே வைக்கிறது? உபுண்டுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ மாறியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி இது: "விஎல்சி இன்ஸ்டால் பண்ணிட்டேன், நல்லா ஓடுது. ஆனா அது எந்த ஃபோல்டர்ல இருக்கு?" விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸைத் திறந்தால் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், பெரும்பாலும் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். இங்கே அப்படித் தேடினால் விஎல்சி என்ற பெயரில் மூன்று நான்கு ஃபோல்டர்கள் அகப்படும், ஆனால் எதிலும் முழு நிரல் இருக்காது.

மாதச் சாமான் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? அரிசியை டிரம்மில் கொட்டுகிறோம், எண்ணெயைத் தூக்கில் ஊற்றுகிறோம், கடுகும் சீரகமும் அஞ்சறைப்பெட்டிக்குப் போகின்றன. அரை மணி நேரத்தில் பை காலியாகிவிடும். அப்புறம் கடையிலிருந்து என்னென்ன வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பதில்லை, மளிகைச் சிட்டையைத்தான் எடுத்துப் பார்ப்போம். உபுண்டுவிலும் டெபியனிலும் நிரல்களை இன்ஸ்டால் செய்து தரும் கருவியான ஆப்ட் செய்வதும் இதுதான். வந்த பேக்கேஜைப் (நிரலின் கோப்புகள் அடங்கிய மூட்டை) பிரித்து, ஒவ்வொரு கோப்பையும் அதன் வகைக்குரிய இடத்தில் வைத்துவிட்டு, எது எங்கே போனது என்று சிட்டை எழுதிக்கொள்கிறது. கோப்புகளைத் தேடி அலையாமல் அந்தச் சிட்டையைக் கேட்கத் தெரிந்துகொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படிப்பதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'யூஎஸ்ஆர்', 'இடிசி', 'டிபிகேஜி' போன்றவற்றை எழுத்து எழுத்தாக அப்படியே தட்ட வேண்டும். 'ஆப்ட்' என்பது ஏ, பி, டி, 'வார்' என்பது வி, ஏ, ஆர் மூன்றெழுத்து.

இரண்டு பேர் செய்யும் வேலை

நாம் ஆப்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கடைக்குப் போய் வருவது ஆப்ட். எந்தப் பேக்கேஜ் எந்தச் சர்வரில் கிடைக்கும், அதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் டவுன்லோட் செய்துவரும். வந்ததைப் பிரித்து அடுக்கிச் சிட்டை எழுதுவது டிபிகேஜி. டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக் 1994-இல் டிபிகேஜியின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று தேவையென்றால் அதை நாமே தேடிக் கொண்டுவர வேண்டும். அந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்த ஆப்ட், 1999-இல் வெளியான டெபியன் 2.1-இல் சேர்ந்தது. இன்று நாம் தட்டுகிற 'ஆப்ட்' என்ற சின்னக் கட்டளை 2014-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாரும் 'ஆப்ட்-கெட்' என்றுதான் தட்டிக்கொண்டிருந்தார்கள், பழைய கட்டுரைகளில் இன்னும் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

படி 1: சின்ன நிரல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்

பெரிய நிரலில் தொடங்கினால் பட்டியல் நீளமாகி மிரட்டிவிடும். 'ட்ரீ' என்று குட்டி நிரல் ஒன்று இருக்கிறது, ஃபோல்டர்களை மரம்போல் வரைந்து காட்டும். அதைப் போடுங்கள்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ட்ரீ

முடிந்ததும் சிட்டையைக் கேளுங்கள். 'லிஸ்ட்ஃபைல்ஸ்' ஒரே சொல், அதற்கு முன்னால் இரண்டு கோடுகள்.

டிபிகேஜி --லிஸ்ட்ஃபைல்ஸ் ட்ரீ

திரையில் பத்துப் பதினைந்து வரிகள் வரும். முதல் வரியில் ஒரு சாய்கோடும் ஒரு புள்ளியும் மட்டும் இருக்கும். பயப்பட வேண்டாம், அது டிஸ்க்கின் வேரைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அடுத்தடுத்த வரிகளில் பாதி வெறும் ஃபோல்டர் பெயர்கள். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உண்மையான கோப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓடுகிற நிரல் இங்கே இருக்கிறது:

/யூஎஸ்ஆர்/பின்/ட்ரீ

அதன் கையேடு /யூஎஸ்ஆர்/ஷேர்/மேன்/மேன்1 என்ற ஃபோல்டரில் சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கிறது. உரிமம், மாற்றக் குறிப்புகள் எல்லாம் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்/ட்ரீ என்ற ஃபோல்டரில்.

இந்த மூன்று இடங்களைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மற்றப் பேக்கேஜ்களையும் படித்துவிடலாம். ஓடும் நிரல்கள் 'பின்'னுக்குப் போகும். நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் 'லிப்'புக்குப் போகும். படம், ஐகான், எழுத்துரு, மொழிபெயர்ப்பு, கையேடு என்று எந்த வகைக் கணினியிலும் மாறாத பொருள்கள் 'ஷேர்'க்குள் இருக்கும். இந்த மூன்றும் யூஎஸ்ஆருக்கு உள்ளே. கணினி முழுவதற்குமான அமைப்புக் கோப்புகள் /இடிசி-யில். ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கிற பதிவுகளும் தரவும் /வார்-இல். இதை டெபியன்காரர்கள் மட்டும் வைத்துக்கொண்ட வழக்கம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் முழுவதற்கும் பொதுவான ஃபோல்டர் அடுக்கு நெறி ஒன்று 1994-இலிருந்தே இருக்கிறது, அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

படி 2: எதிர்ப்பக்கமாகவும் கேட்கலாம்

ஏதோ ஒரு கோப்பு கண்ணில் படுகிறது, இதை யார் கொண்டுவந்து வைத்தது என்று தெரியவில்லை. அப்போது:

டிபிகேஜி --சர்ச் /யூஎஸ்ஆர்/பின்/ட்ரீ

"ட்ரீ" என்று பேக்கேஜின் பெயரோடு பதில் வரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இதுதான். கணினியில் அந்நியமாகத் தெரிகிற கோப்பு ஒரு பேக்கேஜோடு வந்ததென்றால் இதனால் அதன் பிறந்த வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் இடத்தில் மட்டும் இது காலை வாரும். உபுண்டு 22.04 போன்ற பதிப்புகளில், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை /யூஎஸ்ஆர்/பின்-இல் இருப்பதாகத் தெரியும். ஆனால் அந்த முகவரியைக் கொடுத்துக் கேட்டால் அப்படியொரு பாதையே இல்லை என்று டிபிகேஜி சொல்லும். காரணம், முன்பு தனியாக இருந்த /பின் ஃபோல்டரை யூஎஸ்ஆருக்குள் சேர்த்துவிட்டு, பழைய பெயரைப் புதிய இடத்தைக் காட்டும் வெறும் சுட்டியாக வைத்திருக்கிறார்கள். சிட்டையில் பழைய முகவரியே எழுதியிருக்கிறது. முன்னாலுள்ள யூஎஸ்ஆரை எடுத்துவிட்டு /பின்/எல்எஸ் என்று கேளுங்கள், பதில் வந்துவிடும்.

சிட்டை இருக்கும் இடமும் நான் செய்த தவறும்

இந்தச் சிட்டை எங்கே இருக்கிறது? முகவரி இது:

/வார்/லிப்/டிபிகேஜி

இதற்குள் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரே ஒரு பெரிய கோப்பு இருக்கிறது. சாதாரண எழுத்துக் கோப்புதான், திறந்து படிக்கலாம். இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி. பெயர், பதிப்பு, அளவு, எவை எவை தேவை என்ற பட்டியல் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'இன்ஃபோ' என்ற ஃபோல்டர். அதில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சில குட்டிக் கோப்புகள்: கோப்புப் பட்டியல் ஒன்று, கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் எண்கள் ஒன்று, இன்ஸ்டால் செய்யும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் சில. சற்று முன் நாம் கேட்ட லிஸ்ட்ஃபைல்ஸ் கேள்விக்கு விடை வந்தது அந்தப் பட்டியலிலிருந்துதான்.

லினக்ஸ் பழகிய புதிதில் நான் 20 ஜிபி மட்டும் ஒதுக்கி உபுண்டு போட்டிருந்தேன். சில மாதங்களில் டிஸ்க் நிரம்பிவிட்டது. எதை அழிக்கலாம் என்று நோண்டியபோது இந்த இன்ஃபோ ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். தற்காலிகக் குப்பை என்று நினைத்து அத்தனையையும் அழித்தேன். கணினி வழக்கம்போல் ஓடியது, நிரல்கள் திறந்தன, அன்று எதுவும் தெரியவில்லை. மறுநாள் புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்தபோது எச்சரிக்கை வரிகள் திரையில் ஓடத் தொடங்கின. பேக்கேஜ் பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதன் கோப்புப் பட்டியலைக் காணவில்லை, இதற்குக் கோப்பு எதுவுமே இன்ஸ்டால் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்றது. சாமான் அத்தனையும் வீட்டில் இருந்தது, சிட்டைதான் போய்விட்டது. ஒவ்வொரு பேக்கேஜையும் மறுபடி இன்ஸ்டால் செய்துதான் சிட்டையைத் திரும்ப எழுத முடிந்தது. பாதி நாள் போனது, அழித்ததில் மிஞ்சிய இடமோ மிகக் கொஞ்சம்.

அதனால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: /வார்/லிப்/டிபிகேஜிக்குள் படிக்கலாம், எதையும் கையால் அழிக்கக் கூடாது. ஸ்டேட்டஸ் கோப்பு கெட்டுப்போனால் பழைய நகல்கள் /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரில் கிடைக்கும். கணினி தானாகவே எடுத்து வைத்திருக்கும்.

/வார்/லிப்/டிபிகேஜி ஃபோல்டரில் 'லாக்' என்று தொடங்கும் பூட்டுக் கோப்புகளும் இருக்கின்றன. இன்ஸ்டால் செய்யப் போகும்போது பூட்டு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அந்தக் கோப்பை அழித்துவிடு என்று பலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். பின்னணியில் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ஒருவர் சிட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரும் பேனாவை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும்.

படி 3: சார்புகள் எங்கே போகின்றன

ஒரு நிரல் தன் வேலைக்கு இன்னொரு பேக்கேஜை நம்பியிருந்தால் அதைச் சார்பு, அதாவது டிபென்டென்சி என்கிறோம். விஎல்சியை இன்ஸ்டால் செய்தால் கூடவே பல பேக்கேஜ்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை விஎல்சியின் கீழ் ஏதோ ஃபோல்டரில் போய் ஒளிந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனிப் பேக்கேஜ், தனிச் சிட்டை. அவற்றிலுள்ள லைப்ரரிகள் பொது இடத்துக்குத்தான் போகும். வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அந்த இடம்:

/யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு

ஒரு லைப்ரரி ஒரே ஒரு முறைதான் டிஸ்க்கில் இருக்கும். அது தேவைப்படும் நிரல்கள் பத்தானாலும் நூறானாலும் அதே பிரதியையே எடுத்துக்கொள்ளும். இதில் இடம் மிச்சமாவது சின்ன விஷயம். லைப்ரரியில் பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு பிரதியைப் புதுப்பித்தால் போதும், அதைப் பயன்படுத்தும் அத்தனை நிரலும் அடுத்த முறை தொடங்கும்போது சரியாகிவிடும். நான் ஆப்ட்டை விரும்புவதற்கு முதல் காரணமே இதுதான்.

எதற்கு எது தேவை என்று பார்க்க:

ஆப்ட் டிபென்ட்ஸ் விஎல்சி

ஒரு பேக்கேஜை யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்க 'ஆர்டிபென்ட்ஸ்'. அதோடு '--இன்ஸ்டால்டு' என்று சேர்த்தால் நம் கணினியில் இருப்பவற்றை மட்டும் காட்டும். ஒரு லைப்ரரியை நீக்கலாமா என்று சந்தேகம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, நாம் கேட்டு வந்தது எது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது எது என்று ஆப்ட்டுக்கு எப்படித் தெரியும்? /வார்/லிப்/ஆப்ட் ஃபோல்டரில் 'எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்' என்ற கோப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்தவற்றைப் பார்க்க:

ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்

தானாக வந்தவற்றுக்கு 'ஷோஆட்டோ'. விஎல்சியை நீக்கினால் அதற்காக மட்டும் வந்தவை உடனே போகாது. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்று சொன்னால்தான், யாரும் நம்பியிருக்காத அந்த மிச்சங்களைத் துடைக்கும்.

ஆட்டோரிமூவ் நல்ல கட்டளைதான், ஆனால் அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் தட்டாதீர்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப் போன்றவை 'மெட்டா பேக்கேஜ்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் வருகின்றன. அந்தப் பேக்கேஜுக்குள் நிரல் எதுவும் இல்லை, இன்னின்னது வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே இருக்கும். உங்களுக்குப் பிடிக்காத ஒரு சின்ன நிரலை நீக்கும்போது அந்தப் பெயர்ப்பலகையும் சேர்ந்து விழலாம். அப்படி விழுந்தால் அதை நம்பி வந்த பல பேக்கேஜ்கள் அநாதையாகி ஆட்டோரிமூவ் பட்டியலில் வந்து நிற்கலாம். வேண்டியதொன்று அந்தப் பட்டியலில் தெரிந்தால் 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று சொல்லி அதன் பெயரைக் கொடுங்கள். இனி அதைத் தொடாது.

டவுன்லோட் ஆன கோப்பு என்ன ஆனது?

சர்வரிலிருந்து வருகிற மூட்டைகள் 'டெப்' என்ற பின்னொட்டு கொண்டவை. முதலில் இறங்குமிடம் இது:

/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்

இங்கேதான் பலர் குழம்புவார்கள். கட்டுரையில் படித்துவிட்டு இந்த ஃபோல்டரைத் திறந்தால் காலியாக இருக்கும். 'ஆப்ட்' கட்டளையில் இன்ஸ்டால் செய்தால், வேலை நல்லபடியாக முடிந்ததும் மூட்டைகளைத் தானே அழித்துவிடும். 'ஆப்ட்-கெட்' அழிக்காது, சேர்த்து வைத்துக்கொண்டே போகும். ஆகவே பழைய பழக்கத்தில் ஆப்ட்-கெட் பயன்படுத்துபவர்களின் கணினியில் இங்கே ஜிபி கணக்கில் சேர்ந்திருக்கலாம். 'சூடோ ஆப்ட் க்ளீன்' என்றால் காலியாகிவிடும். இன்ஸ்டால் ஆன நிரலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

'ஆப்ட் அப்டேட்' கொண்டுவருகிற கடைப் பட்டியல்கள் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். எந்தக் கடைக்குப் போவது என்ற முகவரிகள் /இடிசி/ஆப்ட் ஃபோல்டரில்.

நீக்கும்போது எது மிஞ்சும்

'ஆப்ட் ரிமூவ்' நிரலை எடுத்துவிடும், ஆனால் /இடிசி-யில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்தால் பழைய அமைப்புகள் அப்படியே கிடைக்க வேண்டும் என்பதற்காக. 'ஆப்ட் பர்ஜ்' என்றால் அவையும் போய்விடும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரை இரண்டுமே தொடாது. நிரல் ஓடும்போது உங்கள் பெயரில் சேர்த்துவைத்த விருப்பங்கள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களில் இருக்கும்: .கான்ஃபிக், .கேஷ், .லோக்கல். நிரலை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டும் அதே கோளாறு தொடர்ந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அந்த நிரலின் பெயரில் உள்ள ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

/இடிசி-யில் நீங்கள் கையால் மாற்றிய ஒரு கோப்புக்கு அப்டேட்டில் புதிய வடிவம் வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று டிபிகேஜி நிறுத்திக் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும், புதியது பக்கத்திலேயே 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு உட்காரும். டி எழுத்தைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

சிட்டையில் வராதவை

உபுண்டு 22.04-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸை ஆப்ட் மூலம் கேட்டாலும் வந்து சேர்வது ஸ்னாப் என்ற வேறு வகைப் பேக்கேஜ். ஆப்ட்டின் பேக்கேஜ் வழிகாட்டிப் பலகை மட்டுமே. அதனால் லிஸ்ட்ஃபைல்ஸ் கேட்டால் உலாவியின் கோப்புகளே வராது. ஸ்னாப்கள் /வார்/லிப்/ஸ்னாப்டி/ஸ்னாப்ஸ் ஃபோல்டரில் ஒவ்வொன்றும் ஒரே பெரிய கோப்பாக இருந்து, /ஸ்னாப் என்ற இடத்தில் திறந்து காட்டப்படும். சார்புகளில் பெரும்பகுதியை உள்ளேயே சுமந்து வரும், பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளும், ஆகவே இடம் அதிகம் பிடிக்கும். ஃபிளாட்பேக் என்ற இன்னொரு வகை என்றால் /வார்/லிப்/ஃபிளாட்பேக்.

பைத்தான் பழகுபவர்கள் அதற்கான லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் 'பிப்' கட்டளையை நேரடியாக ஓட்டினால் டெபியன் 12-இலிருந்தும் உபுண்டு 23.04-இலிருந்தும் மறுப்புச் செய்தி வரும். ஆப்ட் வைத்திருக்கும் பைத்தான் கோப்புகளோடு பிப் மோதக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. அதை உடைத்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி 'வென்வ்' ஃபோல்டர் உருவாக்குங்கள், எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான என்பிஎம் இயல்பாகவே அப்படித்தான், திட்டத்தின் ஃபோல்டரிலேயே 'நோட்_மாட்யூல்ஸ்' என்று வைத்துக்கொள்ளும். நீங்களே மூலக்குறியிலிருந்து கட்டிய நிரல்கள் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல்-இல் போய்ச் சேரும். டெபியன் பேக்கேஜ்கள் அந்த ஃபோல்டரில் கோப்பு எதையும் வைப்பதில்லை, அது உங்கள் இடம். வெளி நிறுவனங்கள் தரும் சில நிரல்கள் /ஆப்ட் என்று ஒலிக்கிற, ஓ-பி-டி என்று எழுதுகிற ஃபோல்டருக்குப் போகும். பெயர் ஒலி ஒத்திருந்தாலும் அதற்கும் ஆப்ட் கட்டளைக்கும் சம்பந்தமில்லை.

நேற்று என்ன போட்டேன் என்று மறந்துவிட்டால்

/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தொடங்கிய நாள், நேரம், நீங்கள் தட்டிய கட்டளை, வந்த பேக்கேஜ்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். சார்பாக வந்தவற்றின் பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை பழையது சுருக்கப்பட்டு எண்ணிடப்படும், அதைப் படிக்க 'இசட்லெஸ்' என்ற கட்டளை. ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்த பிறகு வைஃபையோ சவுண்டோ போய்விட்டது என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் திறக்கச் சொல்வது இந்தக் கோப்பைத்தான்.